ஆண்டறிக்கை: முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவு உதவிப் பணி, குன்னூர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சமூக ஏற்றத்தாழ்வு குறித்து ஆய்வு செய்யவரும் மாணவர்களின் முன்மொழிவைச் செப்பனிடுவதே இவ்வாண்டும் நம் சங்கத்தின் முதன்மைப் பணி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

நம்மிடம் வரும் சினாப்சிஸ்களில் (முன்மொழிவுச் சுருக்கங்களில்) திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்றுதான்: தலைப்பு இருக்கும், கேள்வி இருக்காது. 'நீலகிரித் தேயிலைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை' என்றால் யாருக்கும் யாருக்கும் இடையே, எதில் ஏற்றத்தாழ்வு? இந்தத் தலைப்போடு வந்த ஒரு முன்மொழிவைப் பலமுறை உட்கார்ந்து பேசி மாற்றினோம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக உருவான டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில், ஓய்வு பெற்றால் லைன் வீட்டை, அதாவது தோட்டம் தரும் வரிசைக் குடியிருப்பை, காலி செய்ய வேண்டும். வெளியே சொந்த இடம் உள்ள குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்பில் நிற்கிறது? வேறுபாடு இருந்தால் அது இடத்தால் வந்ததா, வருமானத்தால் வந்ததா? இப்போது அது ஆய்வு.

அந்த ஆய்வுக்காகக் குடும்பங்களிடம் கேட்கவிருந்த கேள்விப் பட்டியலிலும் ஒரு சிக்கல். 'பட்டா உண்டு / இல்லை' என்று இரண்டே கட்டம் போட்டிருந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் இது செல்லாது. 1969 ஜென்ம நில (பழைய ஜமீன் போன்ற நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர் 'இல்லை' என்றும் சொல்ல மாட்டார், 'உண்டு' என்று காகிதமும் காட்ட முடியாது. பட்டா நிலம், 17ஆம் பிரிவு நிலம், வாடகை வீடு, லைன் வீடு மட்டும் என நான்காகப் பிரித்த பிறகே விடைகள் பொருள்படும்.

அடுத்தது புள்ளிவிவரம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றை வைத்து நம் மாவட்டப் பழங்குடியினரை அளக்கலாம் என்று பலர் எழுதிவருகிறார்கள். அந்தச் சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்கள். மாவட்டத்துக்குச் சராசரி 900. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பழங்குடியினர் ஏறத்தாழ நாலரை விழுக்காடு. ஆக, நாற்பது குடும்பங்கள் சிக்கினாலே அதிகம். அதைத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறாகப் பிரித்தால் கையில் என்ன நிற்கும்? 'பழங்குடியினர்' என்ற ஒற்றைச் சராசரியோ பணியர் நிலையை மறைத்துவிடும். தேர்ந்தெடுத்த சில ஊர்களில் வீடு விடாமல் கணக்கெடுப்பதே இதற்கு வழி என்று சொல்லி வருகிறோம்.

கள வேலைக்கான காலம் எப்போதும் குறைத்தே போடப்படுகிறது. ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாற்பது நேர்காணல் என்றால் இருநூறு மணிக்கு மேல். கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் பெண்கள் மாலை ஐந்துக்கு முன் கிடைக்கமாட்டார்கள். எஸ்டேட் நிர்வாக அனுமதியோடு உள்ளே போனால் சூப்பர்வைசர் அருகில் நிற்பார், கூலி பற்றிய பதில் மாறிவிடும். ஞாயிறன்று, தோட்டத்துக்கு வெளியே பேசுவது நல்லது. வனப்பகுதி ஊர்களுக்கு வனத்துறை அனுமதி, ஊர்ப் பெரியவர்கள் சம்மதம் இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி ஆய்வுக் குழுவிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றம் காட்ட வேண்டியிருப்பதால், அட்டவணையையும் ஆறு மாதக் கூறுகளாகவே போடச் சொல்கிறோம்.

வரும் ஆண்டில், முழு முன்மொழிவுக்கு முன் ஒரு பக்கக் குறிப்பை மட்டும் முதலில் வாங்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. கேள்வி, ஒப்பிடும் இரு தரப்பு, இடம், தேவைப்படும் சான்று, எந்த விடை வந்தால் தம் எண்ணம் தவறாகும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் மாணவர்கள் மிகவும் திணறுகிறார்கள். அதற்கு மூத்த உறுப்பினர்கள் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டும். முன்மொழிவுகளைப் படித்துக் குறிப்பெழுதித் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்