தலைக்கு ஒரு டாலர்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள், அத்தை, சின்னவள், அம்மா எல்லோரும் நலமா? போனில் பேசியபோது, "கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளை அங்கே வசூலுக்கு நிற்கிறதா?" என்று கேட்டீர்கள். பின்னால் அத்தை மிக்சியை ஓடவிட்டிருந்ததால் நான் சொன்ன பதில் உங்கள் காதில் விழவில்லை. அது போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

வசூலுக்கு நின்றது உண்மைதான். செப்டம்பரில் எங்கள் பல்கலைக்கழகத்தில் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக கனடா முழுக்க ஆண்டுதோறும் நடப்பது. ஓட்டம் என்று பெயரே தவிர, நடக்கலாம், சைக்கிளில் போகலாம், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் போகலாம். முதலில் வந்தவர் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. எந்தக் கம்பெனியின் விளம்பரத் தட்டியும் கிடையாது. நம் ஊர்த் திருவிழாவில் ட்யூப்லைட்டில்கூட உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

வேலையெல்லாம் மாணவர்கள்தான். பாதையில் அம்புக்குறி போடுவது, தண்ணீர் மேசை வைப்பது, பேர் பதிவது என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் தமிழ் மாணவர் சங்கத்துக்குச் சாப்பாட்டுக் கடை. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். டொராண்டோவில் ஸ்கார்பரோ என்ற பகுதியில் உள்ள கடையிலிருந்து மட்டன் ரோல்ஸைத் தட்டுத் தட்டாக இறக்கினார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் சுண்டல் செய்து தருகிறேன் என்றேன். வீட்டில் சமைத்ததை விற்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், எனவே என்னைப் பண வசூலுக்கு அனுப்பினார்கள்.

கேட்பதுதான் கஷ்டம், மாமா. உங்களுக்கு அது தெரியாது. முத்தாலம்மன் சப்பரத்துக்கு வரி போட்டால், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எந்த வாசலிலும் போய் நிற்பீர்கள், பேச்சு வார்த்தை இல்லாதவன் வீட்டு வாசலிலும். எனக்கு நாக்கு எழவில்லை. என்னோடு வந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். பேராசிரியர் அறைக் கதவைத் தட்டி, "நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பணம் அனுப்பினார். சும்மா போட்டோவுக்கு வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களையும் விடவில்லை அவள்.

டெர்ரி ஃபாக்ஸ் யார் என்று சொல்லவில்லையே. பதினெட்டு வயதில், 1977இல், எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, கிழக்குக் கடற்கரையில் செயற்கைக் காலைக் கடலில் நனைத்துவிட்டு, மேற்குக் கடல்வரை நாட்டையே குறுக்காகக் கடப்பேன் என்று ஓட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். வழியில் போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் பத்தாயிரம், அவர்கள் திரட்டிக் கொடுத்தது பத்தாயிரம் டாலர். அதிலிருந்துதான் நாட்டில் தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு அவர் மனதில் விழுந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் போடுகிற தலைக்கட்டு வரி மாதிரிதான் மாமா, ஒரு தேசத்துக்கே போட்டுவிட்டார்! 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவி, தண்டர் பே என்ற ஊருக்கு அருகே நின்றுபோனார். அடுத்த பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. கனடாவின் மக்கள் தொகை அப்போது அவ்வளவுதான். ஜூன் மாதம் இறந்தார், இருபத்திரண்டு வயதில்.

"நோயாளிக்குக் கொடுத்தாலாவது புண்ணியம், ஆராய்ச்சிக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். அவருக்கு நோய் வந்தபோது, பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு என்றார்களாம் டாக்டர்கள். இரண்டே வருடம் முன்னால் வந்திருந்தால் அது பதினைந்துதான். நடுவில் மருந்து முன்னேறியிருந்தது. யாரோ எங்கோ கொடுத்த பணம் தனக்கு வந்து சேர்ந்தது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ஓடுகிறவர்கள் யாருக்காக ஓடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் அம்மாச்சி என்று எழுதினேன். இனிமேல் எழுதப்போவதை மாமாவிடம் எழுதலாமா என்று அம்மா சத்தம் போடுவாள். போடட்டும். அம்மாச்சிக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகன் உங்களிடம் எப்படிச் சொல்லும்? அம்மாவுக்குத் தெரிந்து, கல்லுப்பட்டியில் பஸ் ஏறி, மதுரை பாலரெங்காபுரம் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, கூட்டிப்போனபோதும் ஊருக்கு வயிற்றுவலி என்றுதான் சொன்னோம். இங்கே சிவப்புச் சட்டை போட்டு, நோயிலிருந்து மீண்டவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டமே முன்னால் நடந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ்தான் காரணம் என்று ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் காட்டினார். 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் தடுப்பூசி வந்தது. அதற்கும் இந்த ஓட்டத்துப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். சின்னவளுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ஒன்பதிலிருந்து பதினான்குக்குள் போடுவது நல்லது. மதுரையில் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள், செலவை நான் அனுப்புகிறேன். அத்தையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முப்பது தாண்டிய பெண்களுக்கு அங்கேயே பார்க்கிறார்கள். கூச்சப்படுவார். பேச்சு வார்த்தை இல்லாதவனிடமே வரி வாங்கி வருகிற உங்களுக்கு அத்தையிடம் பேசத் தெரியாதா?

சப்பரத்துக்கு வரி எவ்வளவு என்று அம்மா சொன்னாள். எனக்கும் சேர்த்து அவளிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். பெண் பிள்ளைக்கு ஏது தலைக்கட்டு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நன்கொடை என்றாவது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்