கட்டிங் மேசையில் பெண்களுக்கும் இடம் வேண்டும்: பனியன் நிறுவன நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். துணி வெட்டும் கட்டிங் பிரிவில் காலியாக இருக்கும் இடங்களுக்குப் பெண்கள் தந்த விண்ணப்பங்கள் திருப்பித் தரப்பட்டன என்பது தங்களுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் பயிற்சியில் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டீர்கள். ஆதியிலிருந்தே ஆண் வேட்டைக்குப் போனான், பெண் காய்கனி பொறுக்கினாள். ஆகவே கத்தியும் இயந்திரமும் ஆணின் ரத்தத்தில் ஊறியவை, பிசிறு பார்க்கும் பொறுமை பெண்ணின் ரத்தத்தில் ஊறியது என்றார் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர். அடுத்த சில நாட்களில் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்த மேலாளர், "அம்மணி, இயற்கையே அப்படி வைத்திருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார்.

என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆடி நோம்பிக்குக் கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போயிருந்த வாரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள் ஐயா. ஏற்றுமதிக்குத் தேதி நெருங்கிவிட்டது, மாற்று ஆள் கிடைக்கவில்லை. அப்போது அதே மேலாளர்தான் என்னைக் கூப்பிட்டுக் கத்தி இயந்திரத்தைக் கையில் கொடுத்தார். துணியை விரித்து, சுருக்கம் நீவி, அடுக்குகளின் ஓரம் சேர்த்துப் பிடித்து, வெட்ட வேண்டிய வடிவங்கள் வரைந்த மார்க்கர் தாளின் கோட்டிலேயே கத்தியை நடத்தினேன். கழுத்து வளைவில் கத்தி திரும்பும்போது இடது கை அடுக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தாலும் அடியில் இருக்கும் துணி நகர்ந்துவிடும், முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாது. நான் வெட்டியவை ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மேசைக்குப் போயின. அளவு தப்பியது என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தபோது அதில் உதவியாளர் கூலிதான் இருந்தது. கேட்டதற்கு, "உங்கள் கார்டில் உதவியாளர் என்றுதானே இருக்கிறது?" என்றார்கள். அவசரத்தில் என் கை கட்டிங் மாஸ்டரின் கையாக இருக்கலாம், சம்பளத்தில் மட்டும் பெண்ணின் கையாகிவிட வேண்டுமா? மாஸ்டர் திரும்பி வந்ததும் நான் மறுபடி பண்டல் கட்டி எண் ஒட்டப் போய்விட்டேன். அந்த வாரத்தில் என் இயற்கை எங்கே போயிருந்தது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

திருமணத்திற்கு முன் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். ஆண், பெண் உடலில் வேறுபாடே இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுதான் கருவில் விரைகள் உருவாவதைத் தொடங்கிவைக்கிறது என்று 1990இல் கண்டறிந்தார்கள். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் ஆணின் தோளுக்கும் கைக்கும் சராசரியாகக் கூடுதல் வலுவைத் தருகிறது. வளர்ப்புதான் எல்லாம் என்று நம்பி, சிகிச்சையில் நேர்ந்த விபத்தால் உறுப்பை இழந்த ஓர் ஆண் குழந்தையைக் கனடாவில் 1960களில் பெண்ணாக வளர்த்தார்கள். டேவிட் ரைமர் என்ற அவர், பதின்ம வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாகவே வாழத் தொடங்கினார். ஆகவே உடலுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பங்கு கட்டிங் மேசைவரை நீளுமா? கத்தி இயந்திரத்தை யாரும் தூக்கிக்கொண்டு வெட்டுவதில்லை. அடித்தட்டில் உருளைகள் இருக்கின்றன, மேசைமேல் தள்ளினால் நகர்கிறது. தேவைப்படுவது கண்ணும் நிதானமும் பழக்கமும். வேட்டைக் கதைக்கு வந்தால், பெரு நாட்டின் மலைப்பகுதியில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் எலும்புகளோடு ஈட்டிமுனைகளும் விலங்கை அறுக்கும் கல்கருவிகளும் கிடைத்ததை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒரே ஒரு புதைகுழியைக் காட்டி, பெண்கள் எல்லோரும் வேட்டையாடினார்கள் என்று நான் வாதிட மாட்டேன். அதே நேர்மையோடு, எவளும் வேட்டையாடவில்லை என்று மேடையேறிச் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இங்கே தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எண்பதுகளில் ஏற்றுமதி பெருகி ஆள் போதாமல் போனபோது பெண்கள் வந்தார்கள். இன்று வரிசை வரிசையாகத் தைப்பவர்கள் அவர்கள். நாற்பது ஆண்டுகளில் பரிணாமம் நடந்துவிடவில்லை ஐயா. ஆள் தேவைப்பட்டது, கதவு திறந்தது. கட்டிங் பிரிவின் கதவும் அப்படித்தான் திறக்கும். திறக்க வேண்டியவர் தாங்கள்.

வலுதான் கணக்கு என்றால் அவிநாசி சாலையில் எழும் எந்தக் கட்டடத்தையும் நின்று பாருங்கள். செங்கல்லும் கலவையும் சுமந்து மேலே ஏறுபவள் சித்தாள். கரண்டி பிடிப்பவர் கொத்தனார். கூலி யாருக்கு அதிகம் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாரம் பெண்ணுக்கு, தொழில் நுணுக்கம் ஆணுக்கு என்று பிரித்தது எந்தக் குரோமோசோம்? பஞ்சாலைகளில் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிச் சின்னப் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்திற்கும், பெண்ணின் விரல் மென்மையானது, அவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்ற இதே பேச்சுத்தான் துணை நின்றது. இயற்கை தன் போக்கில் விட்டால் 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் என்ற அளவில்தான் பிறக்கும். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லிச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்ததே, பெண் சிசுக்களைக் கொன்றது இயற்கையா? பெண்ணே வேண்டாம் என்று இருந்த இந்த வட்டாரத்தில்தான் இன்று மகனுக்குப் பெண் தேடிக் கேரளம்வரை போகிறார்கள். மனிதர்கள் செய்ததையெல்லாம் இயற்கையின் தலையில் கட்டுவதைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு கொதிக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது சிறியது. காலியாக உள்ள கட்டிங் இடங்களுக்கு ஆண், பெண் இருவரின் விண்ணப்பங்களையும் வாங்குங்கள். ஒரே துணி, ஒரே மார்க்கர் கொடுத்து மேசையில் வெட்டச் சொல்லிப் பாருங்கள். தகுதியானவரை எடுங்கள், நான் தேறாவிட்டால் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆடி வாரத்தில் நான் வெட்டியதற்குக் கட்டிங் கூலியைக் கணக்கிட்டுத் தாருங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆள் எடுப்பதில் பாகுபாடு கூடாது என்பதும் இரண்டிலும் உண்டு. தங்கள் அலுவலகத்தில் இதை அறியாதவர் இருக்க மாட்டார்கள்.

பதிலை எழுத்தில் தர வேண்டுகிறேன். முடியாது என்பதுதான் பதில் என்றால், இயற்கை என்று எழுதாமல், மறுப்பவர் யார் என்று பெயரும் கையொப்பமும் போட்டுத் தீபாவளி விடுமுறைக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். விண்ணப்பித்த மற்றப் பெண்களும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவியாளர், கட்டிங் பிரிவு,
திருப்பூர்.