மருத்துவ முகாமில் எடை பார்க்கும் மேசையைப் பற்றி

சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும்,

வணக்கம். மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்துவது நல்ல காரியம். எடை பார்க்கும் மேசைக்குப் பின்னால் தொங்கும் வண்ண அட்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்த அட்டைகளில் பெரும்பாலும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 வரை பச்சை, அதாவது சரியான எடை. அந்தக் கோடு நமக்குப் பொருந்தாது.

பி.எம்.ஐ. கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் போதும். 1.65 மீட்டர், 66 கிலோ என்றால் 24.2. அட்டையில் பச்சை, ஆள் நிம்மதியாக ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவார். நம் மலேசிய மருத்துவ வழிகாட்டியோ 23-லிருந்தே கூடுதல் எடை, 27.5-லிருந்து உடற்பருமன் என்கிறது. இந்திய வம்சாவளியினருக்கு அதே பி.எம்.ஐ.யில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். இனிப்பு நீரும் (நீரிழிவு) முந்திக்கொண்டு வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் 63.9 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். இன வாரியாகப் பார்த்தால் அதுவே அதிகம்.

கோட்டைத் திருத்தினாலும் அளவு தப்பினால் பயனில்லை. பிழை பெரும்பாலும் உயரத்தில்தான். 70 கிலோ, 1.60 மீட்டர் என்றால் 27.3. கொண்டையோடும் செருப்போடும் நிறுத்தி 1.62 என்று எழுதினால் 26.7, கூன் போட்டு நின்றவரை 1.58 என்று எழுதினால் 28. ஒரே ஆள், இரண்டு வண்ணம். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை உச்சந்தலையில் வைத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் குறியுங்கள்.

எடைத் தட்டு பாய் மேல் வேண்டாம், சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். காலையில் 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டை ஏற்றிப் பாருங்கள். 20-ஐ விட்டு அரைக் கிலோவுக்கு மேல் தள்ளிக் காட்டினால் அந்தத் தட்டை ஓரங்கட்டுங்கள். கைப்பேசி, சாவிக்கொத்து மேசையில்.

1830-களில் பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே மக்கள் கூட்டத்தை ஆராய உருவாக்கிய கணக்குதான் இந்த பி.எம்.ஐ. தனி ஆளின் கொழுப்பு எவ்வளவு என்று இதற்குத் தெரியாது. செம்பனைக் குலை வெட்டி ஏற்றும் இளைஞருக்கு 26 வந்தால் அது தசையாகவும் இருக்கலாம். தசை கரைந்த பாட்டிக்கு 22 வந்தும் வயிறு மட்டும் தள்ளியிருக்கலாம். ஆகவே இடுப்பளவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்தில் அல்ல, சேலை மடிப்பின் மேலும் அல்ல. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-க்கு மேல் போனால், பி.எம்.ஐ. எதுவானாலும் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தையல் நாடா நாளாக ஆக நீண்டுவிடும். இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கால் வீங்கிய சிறுநீரக நோயாளிகளுக்கும் பி.எம்.ஐ.யைச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். 8 வயதுப் பையனுக்கு 18 வந்தால் பெரியவர்களின் அட்டை ‘எடை குறைவு’ என்று சொல்லும். அம்மா வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு கரண்டி சோறு போடுவார். உலகச் சுகாதார நிறுவனத்தின் 5 முதல் 19 வயது வரைக்கான அட்டவணையில் அந்த வயதுப் பையனின் நடு அளவே 15.7. 17.4-ஐத் தாண்டினால் கூடுதல் எடை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி அட்டவணை. பிறந்த மாதம் வரை கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்று. ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு “அக்கா, எண்பத்திரண்டு கிலோ!” என்று அறிவிக்கும் தம்பியை வேறு வேலைக்கு அனுப்புங்கள். அப்படிக் கேட்டவர் அடுத்த முகாமுக்கு வரமாட்டார். மெலிவு மாவு விற்பவர்களுக்கு எடை மேசை பக்கத்தில் இடம் கொடுக்காதீர்கள், அன்பளிப்பு எவ்வளவு தந்தாலும். கூடுதல் எடை உள்ளவர் 5 விழுக்காடு குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 80 கிலோ ஆளுக்கு அது 4 கிலோ. சீனி போட்ட தே தாரிக்கிலிருந்து தொடங்கலாம், மாவு தேவையில்லை.

திருத்திய அட்டையும் பிள்ளைகளுக்கான அட்டவணையும் தமிழில் தயாராக உள்ளன. முகாம் தேதியை இரண்டு வாரம் முன்பே சொன்னால், மேசைக்கு இருவர் வந்து உங்கள் தொண்டர்களுக்கு அளக்கப் பழக்கிக் கொடுப்போம். மறைப்புத் திரை ஒன்றை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வட்டாரத் தாதியரும் உணவியலாளரும்