குமுளியில் பொங்காத மாவு, கம்பத்தில் புளிக்கும் மாவு: பழைய பிரிட்ஜ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் குமுளி, வண்டன்மேடு பக்கம் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையிலும் அரைத்தபடியே கிடக்கும். மலை இறங்கி கம்பம், கூடலூர் வந்தால் சித்திரை வெயிலில் அதே மாவு விடியுமுன் பாத்திரத்தை விட்டு வழிந்து, மூக்கைத் துளைக்கும் புளிப்போடு நிற்கும். பழி அரிசி மேல், உளுந்து மேல், கடைசியில் அரைத்தவர் கைராசி மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி மாவு இருக்கும் இடத்தின் சூடுதான். அதைக் கட்டுக்குள் வைக்க, பழைய இரும்புக் கடைக்குப் போகவிருக்கும் ஒற்றைக் கதவு பிரிட்ஜே போதும். மாவு விற்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள், இங்குள்ள மகளிர் குழுக்கள், மேலே கேரளத்தில் உள்ள குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஆகியோருக்குப் பயன்படும் என்பதால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உளுந்தோடு இயல்பாகவே வரும் லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா கரியமில வாயுவை விட்டு மாவைப் பொங்க வைக்கிறது. 28 முதல் 30 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். 20 டிகிரிக்குக் கீழே அது மந்தமாகிவிடும். 35ஐத் தாண்டினால் வாயுவைவிட அமிலத்தை அதிகம் உண்டாக்கும் மற்ற வகைகள் முந்திக்கொள்ளும். புளிப்பு முன்னே வரும், பொங்குவது பின்தங்கும். அந்த மாவில் ஆப்ப சோடா போட்டுச் சமாளிப்பது பலருடைய வழக்கம். இட்லி உப்பும், ருசி போய்விடும்.

யோசனை இதுதான்: பிரிட்ஜுக்குள் ஒரு பல்பு சூடேற்றும், கம்ப்ரசர் குளிர வைக்கும், வெளியே ஒரு கண்ட்ரோலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு மாவை 28 டிகிரியில் வைக்கும். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. 165, 190 லிட்டர் ஒற்றைக் கதவு வகையை எடுங்கள். ஐஸ் கட்டாத இரட்டைக் கதவு வகை வேண்டாம். அதில் ஐஸைக் கரைக்கும் ஹீட்டரும் டைமரும் உள்ளே விசிறியும் உண்டு. வெளியிலிருந்து கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்தால் அதன் கணக்கு குழம்பிவிடும். குமுளிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: அங்கே பெரும்பாலும் சூடேற்றத்தான் வேண்டும் என்பதால் கேஸ் போன, கம்ப்ரசர் செத்த பிரிட்ஜ்கூட ஆகும். சுவருக்குள் இருக்கும் ஃபோமும் கதவு ரப்பரும் நன்றாக இருந்தால் சரி. ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. கம்பத்தில் ஓடுகிற கம்ப்ரசர் கட்டாயம்.

கட்டுப்படுத்துவதற்கு எஸ்டிசி-1000 என்ற கண்ட்ரோலர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு ரிலே (தானே போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஒவ்வொன்றும் 10 ஆம்பியர். 12 வோல்ட் வகையும் அச்சு அசலாக அதே தோற்றத்தில் வரும். 220 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வயர் மாட்டும் முனைகளுக்கு எண் உண்டு: 1, 2 மின் இணைப்பு. 3, 4 சென்சார். 5, 6 சூடு. 7, 8 குளிர். அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தோடு இதை ஒத்துப் பார்த்துக்கொள்ளவும். பலரும் தடுமாறும் இடம் இதுதான்: 5-6, 7-8 இரண்டும் வெறும் சுவிட்சுகள், அவற்றிலிருந்து கரண்ட் தானாக வராது. பேஸ் வரும் முனையிலிருந்து 5க்கும் 7க்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இணைப்புக் கொடுக்க வேண்டும். 6இலிருந்து பல்புக்கும், 8இலிருந்து பிரிட்ஜ் செருகும் சாக்கெட்டுக்கும் பேஸ் போகும். நியூட்ரல் இரண்டுக்கும் நேராகப் போகும். எர்த்தை விட்டுவிடாதீர்கள். ஈரம் கசியும் தகரப் பெட்டி இது. எர்த்தோடு, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். வயரிங் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யட்டும். கண்ட்ரோலர் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், பிரிட்ஜுக்கு வெளியே இருக்கட்டும்.

பிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிருக்குத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். இனி வெட்டுவதும் சேர்ப்பதும் வெளியே இருக்கும் கண்ட்ரோலரின் பொறுப்பு. சூட்டுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். எல்இடி பல்பு போட்டுவிட்டு சூடு ஏறவில்லை என்பவர்கள் உண்டு. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் பழைய ஜீரோ வாட் பல்பு இரண்டு மூன்று. பெயர்தான் ஜீரோ, ஒவ்வொன்றும் 15 வாட் அளவுக்கு இழுக்கும். பிளாஸ்டிக் சுவரைத் தொடாதபடி, துளையிட்ட தகர டப்பாவுக்குள் பல்பை வையுங்கள். கூடவே 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஒன்று அடாப்டரில் எப்போதும் சுழலட்டும். அது இல்லாவிட்டால் மேல் தட்டு ஒரு சூடு, கீழ் தட்டு ஒரு சூடு என்று இருக்கும்.

வயரை உள்ளே கொண்டுபோக டிரில் எடுப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளவும். பல மாடல்களில் கேஸ் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. ஓடும்போது பக்கச் சுவர் சுடுகிறதென்றால் அதுதான் காரணம். ஒரு துளை தவறினால் கேஸ் போய்விடும். கம்ப்ரசர் லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். பின்னால், கீழே தண்ணீர் வடியும் ஓட்டை வழியாகச் சென்சார் வயரை நுழைக்கலாம். கதவு ரப்பருக்கு அடியிலும் மெல்லிய வயர் போகும். துளைத்தே ஆக வேண்டுமென்றால் கதவில் துளையுங்கள், அங்கே கேஸ் குழாய் கிடையாது. பிரீசர் ஐஸைக் கத்தியால் சுரண்டுவதும் இதே கதையில்தான் முடியும்.

கண்ட்ரோலரில் நான்கு அமைப்புகள். எஃப்1 வேண்டிய சூடு: 28. எஃப்2 ஏற்ற இறக்கம்: 1. எஃப்3 கம்ப்ரசர் காத்திருக்கும் நேரம்: 5 நிமிடம். இதைக் குறைக்காதீர்கள். நின்ற கையோடு மறுபடி ஓடவிட்டால், உள்ளே அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும், மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் 'டிக்' என்று வெட்டும். தொடர்ந்தால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி (வைண்டிங்) எரியும். எஃப்4 திருத்தம்: நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சென்சாரை வையுங்கள். 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் இங்கே -0.8 கொடுங்கள்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் பெட்டி தனக்குள்ளேயே சண்டை போடும். கம்ப்ரசர் நின்ற பிறகும் பிரீசர் தகடு குளிரை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று 27க்கு இறங்கியதும் பல்பு எரியும். பல்பு சூட்டில் மறுபடி கம்ப்ரசர். கரண்ட் பில்தான் ஏறும். மாவுப் பாத்திரத்தின் வெளிப்பக்கம், மாவு மட்டத்துக்குக் கீழே சென்சாரை டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மாகோல் வைத்து மூடிவிடுங்கள். அப்போது அது மாவின் சூட்டை ஒட்டிக் காட்டும். இன்னும் சண்டை தீராவிட்டால் எஃப்2ஐ 1.5 ஆக்குங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கம்பத்தில் மாவு புளித்தால் கிரைண்டரைப் பாருங்கள். கோடையில் கல்லிலிருந்து எடுக்கும்போதே மாவு 34, 35 டிகிரி இருக்கும். பத்து லிட்டர் மாவு பெட்டிக்குள் 28க்கு இறங்குவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பதுதான் மருந்து. பொங்கிய மாவை அதே பெட்டியில் 5 டிகிரிக்கு இறக்கிவிடலாம் என்ற எண்ணமும் பலிக்காது. பத்து லிட்டரிலிருந்து சுமார் 800 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். 100 வாட் குளிர் தரும் சின்னப் பெட்டி நிற்காமல் ஓடினாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவிலிருக்கும் மாவு குளிர அதைவிட அதிகம் ஆகும், அதுவரை புளித்துக்கொண்டேயிருக்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வேறு பிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

தயிருக்கும் இந்தப் பெட்டி ஆகும், ஆனால் மாவோடு சேர்த்து அல்ல. எஃப்1ஐ 42 ஆக்கி, 60 வாட் பல்பு போட்டு, பிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சூட்டில் கம்ப்ரசரை ஓடவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பெட்டிதான் இது. ஏல் வகை பீருக்கு 18 முதல் 20 டிகிரி, லாகர் வகைக்கு 10 முதல் 12. கம்பம் பன்னீர் திராட்சையை இதில் போட்டு ஒயினாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அப்காரி (மது) சட்டமும் உரிமமில்லாமல் அதைச் செய்ய விடாது. கேரளத்தில் 2022இல் வந்த சிறு ஒயின் ஆலை விதிகளும் உரிமம் பெற்றவர்களுக்குத்தான்.

பெட்டியைப் பராமரிப்பது சுலபம். 28 டிகிரியில் உள்சுவர் வியர்க்கும், ரப்பர் மடிப்பில் கரும்பூசணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து காய விடுங்கள். மாவுப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியை இறுக்காமல் வையுங்கள். தேனி மாவட்ட ஐடிஐகளில் குளிர்பதனப் பிரிவு மாணவர்களுக்கு இதை ஒரு செய்முறைப் பயிற்சியாகக் கொடுத்து, செய்த பெட்டிகளை மகளிர் குழுக்களுக்கு அடக்க விலைக்குத் தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு பிரிட்ஜ் மெக்கானிக்,
கம்பம்.