இந்தக் கட்டில்வரை என்னைக் கூட்டிவந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இதை வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன். ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரம், நாலாம் மாடி, யன்னலோரக் கட்டில். நாளை காலை எனக்கு இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை; எடை குறைய இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது. இரவுக்கு வடிகட்டிய சூப் மட்டும் தந்தார்கள். சற்று முன் தாதி வந்து, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வயிற்றில் ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார். நித்திரை வரவில்லை. விடிவதற்குள் என் கடனைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

எனக்கு வயது 54. உயரம் 156 சென்டிமீற்றர். போன ஐப்பசியில் எடை 101 கிலோ. பத்து வருடமாக நீரிழிவு. இரவில் மூச்சு நின்று நின்று வரும். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து வந்தால் படியேற முழங்கால் விடாது. குறைத்துச் சாப்பிடுங்கள் என்று ஒரே வரியில் அனுப்பிவைத்த வைத்தியர்கள் உண்டு. கலியாண வீடுகளில் என் முகத்தை விட்டு என் இலையைப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச இந்த மடல் இல்லை.

முதல் நன்றி எங்கள் குடும்ப வைத்தியருக்கு. உடற்பருமன் ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைச் சுட்டெண் 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற நோயும் இருந்தால், இந்தச் சத்திரசிகிச்சைக்கு வழி உண்டு என்றும், அதற்கு முன் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சி, மன ஆலோசனை என்று முயன்று காட்ட வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். காப்புறுதிக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை ஒவ்வொன்றாக எழுதித் தந்தீர்கள்.

உணவு ஆலோசகரான அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வேன்? சாப்பிடுவதையெல்லாம் கொப்பியில் எழுதிவரச் சொன்னார். புட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த கறி என்று எழுதினேன். அளவு என்று கேட்ட இடத்தில் "மூன்று அகப்பை" என்று போட்டேன். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொப்பியைத் திருப்பிப் பார்த்தவர், அடுத்த முறை அந்த அகப்பையைக் கொண்டுவாருங்கள் என்றார். அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட சிரட்டை அகப்பையை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போனேன், ஒரு டப்பாவில் சோறும். அவர் தராசை மேசையில் வைத்து, என் கையாலேயே ஓர் அகப்பை சோறு அள்ளிப் போடச் சொன்னார். 130 கிராம். அதைக் குறித்துக்கொண்டு, அகப்பையைக் கழுவித் துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

புட்டை விடுங்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. முதலில் மீன், பிறகு கீரை, கடைசியில் புட்டு என்று வரிசையை மாற்றித் தந்தார். வாய்க்கு வாய் நன்றாக மென்று சாப்பிடவும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுக்கவும் பழக்கினார். சோற்றுக்குப் பக்கத்தில் செம்பு வைத்தே வளர்ந்தவள் நான். எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான். கடைசி இரண்டு வாரம் புரதப் பானமும் மரக்கறியும் மட்டுமே. கொழுப்பு ஏறிய ஈரல் இரைப்பையின்மேல் கவிந்து கிடக்கும், அது சுருங்கினால்தான் சத்திரசிகிச்சைக் கருவிக்கு இடம் கிடைக்கும் என்று காரணத்தையும் சொன்னதால் தாக்குப்பிடித்தேன். இன்று காலை நிறுத்தபோது 93 கிலோ.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் தேரும் வந்தது. அன்னதானப் பந்திப் பக்கம் போகாமல் ஒதுங்கி நின்றேன். அங்கே சமையலில் நின்ற அன்ரி ஒருவர் என்னைத் தேடி வந்து, "பிள்ளை, உனக்கென்று மோர் வடித்து வைத்திருக்கிறேன்" என்று கிண்ணத்தைக் கையில் தந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. அன்ரி, அந்த மோருக்காக உங்களைக் கும்பிடுகிறேன்.

உடற்பருமன் உள்ளவர்கள் கூடிப் பேசும் சுய உதவிக் குழுவில் பழகிய ஜேர்மன் தோழிக்கும் என் அன்பு. நாலு வருடத்துக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்டவர். தான் அப்போது பாவித்த குழந்தைக் கரண்டியைக் கழுவி, நாடா கட்டித் தந்தார். இந்த மேசையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி, எழுதக் கை நடுங்கும் இடம். சம்மதப் படிவம் விளக்கும் நாளன்று மொழிபெயர்க்க மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்கு 22 வயது. எனக்கு அமிலம் மேலே ஏறும் தொல்லை இருப்பதால் இரைப்பையைக் குழாய்போல ஒடுக்கும் முறையைவிட பைபாஸ் நல்லது என்பதுவரை அழகாகச் சொன்னாள். பிறகு வைத்தியர் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளை என்னைப் பார்க்காமல், "சின்னச் சின்னப் பிரச்சினைகள் வரலாம் அம்மா" என்றாள். வைத்தியர் பேனையை மூடி வைத்தார். அவளுக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

அரை மணி நேரத்தில், சிறுநீரகப் பிரிவில் வேலை செய்யும் தமிழ்த் தாதி ஒருவர் வந்தார். முன்பின் பழக்கமில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "அக்கா, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். போதும் என்றால் கையைப் பிடியுங்கள்" என்றார். தையல் கசியலாம், இரத்தம் போகலாம், இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம், அரிதாக உயிரும் போகலாம். எல்லாம் நல்ல தமிழில். கோழிமுட்டையிலும் சிறிய பைதான் மிஞ்சும், வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். நான் பதினொரு கேள்வி கேட்டேன். பதினொன்றுக்கும் வைத்தியரிடம் கேட்டுப் பதில் சொன்னார். அதன் பிறகே கையெழுத்து வைத்தேன். என் பயத்தை எனக்கு விளங்கும் மொழியில் தந்தீர்கள், தங்கச்சி. பிள்ளையின் தோளிலிருந்து ஒரு பாரத்தையும் இறக்கினீர்கள்.

மகளே, நீ அன்று சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி. என்னோடு ஆறு மாதமும் கால்வாய்க் கரையில் நடந்த உன் அப்பாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார்; ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். காலை ஏழு மணிக்கு முதல் ஆள் நான். அந்தத் தங்கச்சி தன் வேலை தொடங்குமுன் வந்து நிற்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். மயக்க மருந்து கொடுக்குமுன் பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்களாம். தமிழில் சொன்னால் போதுமாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா