மைக் வாங்கும் முன் ஃபேனை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிசுகிசுப்பும் மெல்லிய தட்டல்களும் கொண்டு, கேட்பவரை அமைதிப்படுத்தித் தூங்கவைக்கும் ஏ.எஸ்.எம்.ஆர். காணொளியை வீட்டிலேயே எடுப்பது பற்றி இளைஞர் பக்கத்தில் வந்த குறிப்பு, எந்த மைக் வாங்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. முதல் காணொளி இரைச்சலாக வருவதற்குப் பெரும்பாலும் மைக் காரணமல்ல, அறைதான் காரணம்.

கிசுகிசுப்பு சுமார் 30 டெசிபல். ஓடும் ஃபேன் அதைவிடச் சத்தமானது. மெல்லிய ஒலியைப் பிடிக்கக் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் ஃபேன், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் எல்லாம் கூடவே ஏறும். எனவே நள்ளிரவுக்குப் பின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரித்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தாலே பாதி அடங்கிவிடும்.

மேடைப் பாடகர்களின் டைனமிக் மைக் இதற்கு ஒத்துவராது. கெயின் அதிகம் கேட்கும், கெயினோடு இரைச்சலும் வரும். மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கில் ‘செல்ஃப் நாய்ஸ்’, அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சல், 10 டெசிபலுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு மைக்கைக் கணினியோடு இணைத்து 48 வோல்ட் மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸ் கருவியும் வேண்டும். வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரம் போதும். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைக்காவிட்டால் ஒவ்வொரு ‘ப’வும் காற்றாக வெடிக்கும். இடம் வலமாக ஒலி நகர வேண்டுமென்றால், ஒரே மாதிரி இரண்டு மைக்குகளைக் காதுகளின் இடைவெளியில், ஏறக்குறைய 18 செ.மீ. தள்ளி, வெளிப்புறம் பார்த்து வையுங்கள். எடிட்டிங்கில் மோனோவாக, அதாவது இரு காதிலும் ஒரே ஒலியாக, மாற்றிவிட்டால் இந்த உழைப்பு மொத்தமும் வீண்.

செல்போனில் எடுப்பவர்கள் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது மெல்லிய ஒலியையே இரைச்சல் என்று வெட்டிவிடும்.

பொருள்களில் மரச் சீப்பு, முறம், ஓலைப்பெட்டி, கொட்டாங்குச்சி ஆகியவை நன்றாக ஒலிக்கும். எவர்சில்வர் டம்ளர் காதைக் குத்தும். வளையல், கஞ்சி போட்ட சட்டை இரண்டும் ஆகாது. வெறும் வயிற்றோடும் உட்காராதீர்கள், வயிறு இரைவதும் பதிவாகும். நகத்தால் தட்டுவது கிசுகிசுப்பைவிடப் பல மடங்கு உரத்தது. பூஜ்யத்தை உச்ச வரம்பாகக் கொண்ட ஒலிப்பதிவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி தட்டலை வைத்தே கெயினை அமையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமித்தால், அடங்கிய பகுதியைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் காலி அறையை 30 விநாடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரைச்சல் மாதிரிக்கு அதுதான் உதவும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனி உறுமலை வெட்டி, இரைச்சலை 6 டெசிபல் அளவுக்கு மட்டும் குறையுங்கள். ஒரேயடியாக 20 குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். ஒலியை வலிந்து உயர்த்தவும் வேண்டாம். மொத்த ஒலியின் உரப்பை அளக்கும் ‘லஃப்ஸ்’ (LUFS) அளவில் மைனஸ் 14-ஐத் தாண்டினால் யூடியூப் தானே குறைத்துவிடும்.

விளம்பர வருமானம் கிடைக்கத் தொடங்கியவர்களுக்கு ஒன்று: 8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் காணொளியில் நடுவில் விளம்பரம் போட யூடியூப் இடம் தரும். அதை அணைத்து வையுங்கள். கேட்பவர் அதற்குள் தூங்கியிருப்பார்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கலைஞர்கள் இருவர்,
கோவை