நாய்க்குப் பிரியாணி மிச்சம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் விசேஷம் என்றால் பிரியாணிதான். பந்தி முடிந்ததும் மிஞ்சிய குஸ்காவும் எலும்பும் நாய்களுக்குப் போகின்றன. மறுநாள் வாந்தி, பேதி. பழி மட்டும் கறிக்கடைக்காரர் மேல் விழுகிறது.

முதல் குற்றவாளி வெங்காயம், கூடவே பூண்டு. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் வீரியம் போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ஆபத்து. அதாவது 10 கிலோ நாய்க்கு இரண்டு, மூன்று வெங்காயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் சேதம் சேரும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும்போதுதான் வீட்டில் பதறுவார்கள். தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயிலும் இதே வெங்காயம், எண்ணெய்தான்.

அடுத்தது கொழுப்பு. ஒரே வேளையில் அதிகம் போனால் கணையம் வீங்கலாம். சாப்பாட்டைத் தொடாத நாய், மார்பைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நின்றால் அது விளையாட்டு அல்ல, வயிற்றுவலி. வெந்த எலும்போ ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். குத்தாமல் தப்பினால் மலம் சுண்ணாம்புக் கட்டியாக இறுகும்.

வீட்டிலேயே சமைப்பது கஷ்டமில்லை. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி 150 கிராம், குழைய வடித்த சோறு 200 கிராம், வேகவைத்த பரங்கிக்காய் அல்லது கேரட் ஒரு கைப்பிடி, அவித்த முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு டீஸ்பூன். மசாலா கூடாது. இதைக் காலை, மாலை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சுண்ணாம்புச் சத்தில். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வெறும் கறிச்சோற்றில் வளரும் குட்டிக்குக் கால் வளைவது இதனால்தான். முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, மேலே சொன்ன அளவு உணவில் அரை டீஸ்பூன் கலக்கலாம். குட்டிகளுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுதான். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும். துத்தநாகம், வைட்டமின் டி போன்றவை இந்தச் சாப்பாட்டில் போதாது, அதற்கான சத்து மருந்தையும் அவரிடமே கேளுங்கள்.

பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தாய்ப்பால் மறந்தபின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். வாயு, பேதி அதன் விளைவு. புளிக்காத தயிர் இரண்டு ஸ்பூன் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உலர்திராட்சை, சாக்லேட் எந்த அளவிலும் வேண்டாம்.

உணவை ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயிலில் தட்டை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால் சோறு கெட்டுவிடும். தண்ணீர் சாதாரண நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வேண்டும்.

லேசான பேதிக்கு ஒருநாள் சோறும் வெந்த கோழிக்கறியும் சிறிது சிறிதாக நான்கு வேளை போதும். ரத்தம் கலந்தாலோ, குட்டியாக இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்து வைத்தியம் பார்ப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

தெரு நாய்களுக்கு வார்டுதோறும் உணவிட இடம் ஒதுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வேலூர் மாநகராட்சி அந்த இடங்களில் தண்ணீர்த் தொட்டியும், ‘எலும்பு, பிரியாணி மிச்சம் கொட்டாதீர்’ என்ற பலகையும் வைக்க வேண்டும். கல்யாண மண்டபங்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.